நான் வைத்த மருந்து

பிராந்தியில் பூண்டு போடக்கூடாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். பூண்டை வெறும் சட்டியில் கருகாமல் சிவக்க வறுத்து, ஆறவைத்து, அப்புறம் போட வேண்டும். பச்சையாகப் போட்டால் ஜாடியைத் திறக்கும்போதெல்லாம் வீட்டில் எலி செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டினால் போதும். மாவாக இடித்தால் கலங்கிப்போகும். ஜாதிக்காய் மட்டும் எங்கள் பினாங்கு ஜாதிக்காயாக இருக்க வேண்டும். பாலிக் பூலாவ் பக்கத்திலிருந்து பாசாருக்கு வரும் பச்சைக் காயை வாங்கி, கொட்டையைத் தட்டி, சதையையும் மெல்லிசாக நறுக்கி வெயிலில் வாட்டிப் போட்டால்தான் அந்தத் துவர்ப்பு இறங்கும். கடைசியில் கருப்பட்டி. எல்லாவற்றையும் பீங்கான் ஜாடியில் போட்டு, பிராந்தியை ஊற்றி, வாயைத் துணியால் வேடுகட்டி இருட்டில் வைத்துவிட வேண்டும். வயிறு தெரிய ஆரம்பிக்கும்போது போட்டால், பிள்ளை பிறக்கும்போது தயாராக இருக்கும். பெற்றவளுக்குக் காலையில் ஒரு கரண்டி, சாயங்காலம் ஒரு கரண்டி.

எங்கள் தெருவில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் குடித்ததுதான். ஆனால் ஒருத்தியும் அதைப் பிராந்தி என்று சொன்னது கிடையாது. பேறுகால மருந்து என்பார்கள். சுருக்கமாக, மருந்து. இந்த ஒரு சொல்தான் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில். என் வீட்டுக்காரர் துறைமுகத்துப் பண்டகசாலையில் கணக்கெழுதும் கிராணி. அதைவிடப் பெரிய உத்தியோகம் அவருக்கு மதுவிலக்குச் சங்கத்தில். சம்பளம் இல்லாத உத்தியோகம் என்பதால் அதில்தான் அதிகம் உழைத்தார். சாயங்காலமானால் மண்ணெண்ணெய்ப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கள்ளுக்கடைக்கு எதிரே போட்டு, அதன்மேல் ஏறி நின்று பேசுவார். உள்ளே குடிக்கிறவர்கள் வெளியே வந்து, கையில் குவளையோடு நின்று கேட்டு, கைதட்டிவிட்டு, மறுபடி உள்ளே போவார்கள்.

சிரிப்பாக இருந்தாலும் அவருக்கு அது சிரிப்பு இல்லை. அவருடைய அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், குடித்தே செத்தவர். பிணத்தைத் தூக்குவதற்கு முன்னால், 'இந்தச் சனியன் என் நாக்கில் பட்டால் நான் உனக்குப் பிள்ளை இல்லை' என்று காலைப் பிடித்துச் சத்தியம் செய்தாராம். அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். மாவில் கள் ஊற்றிப் புளிக்கவைப்பார்கள் என்று ஆப்பத்தை விட்டார். பழைய சோற்றை மோந்து பார்ப்பார். இரண்டு நாள் போன அன்னாசிப்பழத்தைத் தூக்கிப் போடச் சொல்வார்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் பிராந்தியை எப்படி வைத்தாய் என்று கேட்பீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் கேட்டால்தானே. கடைச்சரக்கை சூலியா தெரு முஸ்லிம் கடைக்கார நானாவிடம் வாங்கினேன். என் வயிற்றைப் பார்த்ததும் அவரே எடுத்துப் பொட்டலம் கட்டிவிட்டார். "எதுல ஊறப்போடுவீங்கன்னு நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேணாம்" என்றார். சீனக்கடை முதலாளி தவுக்கேயும் வயிற்றைத்தான் பார்த்தார். பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, கீரைக்கட்டுக்கு அடியில் செருகித் தந்தார். வீட்டுக்காரர் ஜாடியைப் பார்த்து, "என்னது?" என்றார். "பேறுகால மருந்து" என்றேன். வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண்கள் சமாசாரம் என்றால் எங்கள் ஆண்களுக்கு அத்தனை மரியாதை. இதில் நான் சொன்ன பொய் எங்கே இருக்கிறது?

அந்தச் சமயத்தில் சங்கத்தின் ஆண்டுவிழா வந்தது. இவர்தான் முக்கியப் பேச்சாளர். நன்றாகப் பேசினால் செயலாளராகப் போட்டுவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. மனுஷர் கண்ணாடி முன்னால் நின்று கத்திக் கத்திப் பழகியதில் தொண்டை கட்டிக்கொண்டது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தார், அதிமதுரத்தை மென்றார், மிளகுப்பால் குடித்தார். சேவல் கரைகிற மாதிரிதான் சத்தம் வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கிக்கொண்டு வருகிறேன். அடுப்படியில் இவர் நிற்கிறார். ஒரு கையில் மரக்கரண்டி, இன்னொரு கையில் ஜாடி வாயில் கட்டியிருந்த துணி.

"இத ஏன் மூலையில ஒளிச்சு வச்சிருக்கே?" என்றார். "தொண்டையில என்ன இதமா இறங்குது தெரியுமா. நெஞ்செல்லாம் கதகதங்குது."

தண்ணீரை அப்படியே கீழே வைத்தேன்.

"அது பொம்பளைங்க மருந்துங்க."

"மருந்துக்கு ஆம்பளை பொம்பளை உண்டா?" என்று இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார்.

சொல்லிவிட்டிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் இவர் என்ன செய்வார் என்று எனக்கல்லவா தெரியும். நேரே ஆண்டுவிழா மேடையில் ஏறி, "நான் குடித்துவிட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் அழுவார். சங்கத்தை விட்டு விலகுவார். அப்புறம் செத்துப்போன அப்பாவை நினைத்து மூலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே மாட்டார். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் இது எனக்குத் தேவையா? வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் ஜாடியைக் காப்பாற்றப் பார்த்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால் மாற்றி வைத்தேன், மோந்து கண்டுபிடித்துவிட்டார். அதே சரக்கையெல்லாம் வெறும் தண்ணீரில் கொதிக்கவைத்து வேறு ஜாடியில் ஊற்றி முன்னால் வைத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இதுல உயிரே இல்லியே. பழைய மருந்துதான் மருந்து" என்றார். சத்தியமாக, இந்த உலகத்தில் அவரைவிட நல்ல நாக்கு உள்ள ஆளை நான் பார்த்ததில்லை. அந்த நாக்கு எதைக் கண்டுபிடிக்க வேண்டுமோ அதைமட்டும் கண்டுபிடிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் மோந்ததெல்லாம் அப்பாவின் கள்ளும் சம்சுச் சாராயமும்தான். பூண்டும் ஜாதிக்காயும் கருப்பட்டியும் போட்ட பிராந்தி எப்படியிருக்கும் என்று அவருக்கு என்ன தெரியும்?

மருந்து உள்ளே இறங்க இறங்க ஆள் மாறிப்போனார். அதுவரை வேலையிலிருந்து வந்தால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சோறு எங்கே என்று பார்க்கிறவர். இப்போது நான் சமைத்த புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இந்தக் கைக்குத் தங்க வளையல் போடணும்" என்றார். பாட்டுப் பாடினார். ஒரு நாள் நான் வாளியைத் தூக்கியபோது பிடுங்கிக்கொண்டு, "வயித்துப் பிள்ளைக்காரி இதெல்லாம் தூக்கலாமா?" என்று தானே குழாயடிக்குப் போய்விட்டார். எங்கள் தெருவில் ஓர் ஆண்பிள்ளை, அதுவும் கிராணி, பெண்கள் வரிசையில் வாளியோடு நின்றது அதுதான் முதல் தடவை. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்களாம்.

ஆண்டுவிழா அன்று காலை தொண்டை மறுபடி கட்டிக்கொண்டது. பாதி டம்ளர் ஊற்றிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார். நானும் போனேன். பெண்கள் வரிசையில் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஏதாவது ஆனால் ஓடுவதற்கு வசதி. ஓடத்தான் முடியாது, அந்த வயிற்றோடு.

அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. குரல் வெண்கலம் மாதிரி வந்தது. குடியால் அழிந்த வீடுகளைச் சொல்லி அழுதார், கூட்டமும் அழுதது. நடுவில் மேசையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் ஆடினார். உணர்ச்சி வேகம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். "இந்த நாக்கில், என் தகப்பன்மேல் ஆணை, இன்றுவரை ஒரு சொட்டு பட்டதில்லை" என்று நாக்கை நீட்டிக் காட்டினார். முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள், "அழாதீங்கக்கா, வயித்துப் பிள்ளையோட அழக்கூடாது" என்று முதுகைத் தடவினாள். அன்றைக்குக் குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்ய மேடைக்கு முன்னால் தள்ளுமுள்ளு.

வினை அதற்குப் பிறகு குழாயடியில்தான் வந்தது. பக்கத்து வீட்டக்கா சும்மா இருக்கிற வாய் இல்லை. வாளியோடு வந்த இவரைப் பார்த்து, "என்ன தம்பி, ஆளே மாறிட்டீங்களே. பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்கறீங்க, பாட்டெல்லாம் பாடறீங்க" என்று கேட்டிருக்கிறார்.

இந்த மகராசன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றுமே சொல்லியிருக்கக் கூடாது. வாயெல்லாம் பல்லாக, "எல்லாம் அவ வச்ச மருந்துதான்க்கா" என்று சொல்லியிருக்கிறார்.

மனைவி மருந்து வைத்துவிட்டாள் என்றால் நம் ஆட்களுக்கு ஒரே அர்த்தம்தானே. சோற்றில் எதையோ கலந்து கொடுத்துப் புருஷனை மயக்கிவிட்டாள். அதுவும் புருஷனே தன் வாயால் சொல்லுகிறான் என்றால் மயக்கம் தலைக்கு ஏறிவிட்டது. அக்கா வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாராம். மத்தியானத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்தது. என்னைக் கண்டால் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். செய்தி பெர்ரிப் படகு ஏறிக் கடலையும் தாண்டிவிட்டது.

அக்கரையில், பாகான் டாலாமில், என் நாத்தனார் இருந்தார். இவருக்கு மூத்தவர். அம்மா போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவர். எனக்கும் அவருக்கும் கல்யாணத்தன்றே ஆகவில்லை. நான் கறுப்பு என்று அவர் சொன்னார். நீங்கள் மட்டும் என்ன என்று நான் கேட்டேன். அதோடு முறிந்தது. தம்பிக்கு மருந்து வைத்துவிட்டேன் என்று கேள்விப்பட்டால் சும்மா இருப்பாரா? ஈரத்தலையோடு கிளம்பிவிட்டார்.

அவர் வந்து சேர்ந்த நேரம்தான் நேரம். சங்கத் தலைவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். மர வியாபாரி, வெள்ளை மீசை, சிரிக்கவே தெரியாத மனுஷர். வீட்டுக்காரரைச் செயலாளராகப் போடுவது என்று முடிவாகிவிட்டதைச் சொல்ல வந்திருந்தார். நான் காப்பி கொடுத்தேன். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகிறார், நாத்தனார் உள்ளே வருகிறார். பின்னால் பக்கத்து வீட்டக்கா.

"எங்க அந்த மருந்து?" என்றார் நாத்தனார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"என்ன மருந்தும்மா?" என்று தலைவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். "அதுவா? என் தொண்டைக்கு இவ வச்ச மருந்துங்க. அன்னிக்கு நான் அப்படிப் பேசினதே அதனாலதான். தலைவரும் ஒரு கரண்டி சாப்பிட்டுப் பாருங்களேன்" என்று அடுப்படிக்கு ஓடினார்.

சங்கம் ஆரம்பிப்பதற்கு முன்னால் தலைவர் குடிக்காத சரக்கு இந்தத் தீவில் கிடையாது என்று அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். ஒரு சொட்டு போதும் அவருக்கு. பிராந்தியின் ஊரைக்கூடச் சொல்லிவிடுவார். ஒரு பக்கம் பார்த்தால் என் வீட்டுக்காரர் குடிகாரர். இன்னொரு பக்கம் பார்த்தால் நான் சூனியக்காரி. நடுவில் நிற்க இடமே இல்லை. வயிற்றில் பிள்ளை உதைத்தது.

இவர் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கரண்டியோடு வந்தார். வேடு அவிழ்ந்திருந்தது. நாத்தனார் பாய்ந்து ஜாடியைப் பிடுங்கி உள்ளே மூக்கை விட்டார்.

அவரும் பிள்ளைகள் பெற்றவர்தானே. அந்த வாசனை அவருக்குத் தெரியாதா? மூக்கு ஜாடிக்குள் இருந்தபடியே அவர் கண் மட்டும் மேலே வந்தது. என்னைப் பார்த்தது. தம்பியைப் பார்த்தது. தம்பி கையில் இருந்த கரண்டியைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. நான் லேசாகத் தலையை ஆட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

தலைவர் கையை நீட்டினார். "குடுங்கம்மா, பாப்போம்."

"தொடாதீங்க" என்றார் நாத்தனார். ஜாடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "இது வசிய மருந்துதான். நான் நெனச்சது சரியாப் போச்சு. தொட்டா உங்களுக்கும் ஒட்டிக்கும்."

தலைவர் கையை மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"ஏம்மா, நீதானே வச்சே? எல்லார் முன்னாலயும் சொல்லு" என்றார் நாத்தனார் என்னிடம். குரல் அதட்டல்தான். கண் மட்டும் கெஞ்சியது. அந்தம்மா எதற்காகவும் கெஞ்சி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"ஆமா அண்ணி. நான்தான் மருந்து வச்சேன்" என்றேன். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "எனக்கா?" என்றார். "என்னை மயக்கவா வச்சே?" கல்யாண ஊர்வலத்தில்கூட அவர் அப்படி வெட்கப்பட்டதில்லை.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இது குடும்ப விவகாரம். சங்கத்துக்குச் சம்பந்தமில்ல. நீங்கதான் செயலாளர், அதுல மாத்தமில்ல" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் போட்ட காப்பியை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

"இதக் கடல்ல கொட்டிட்டுத்தான் மறுவேலை" என்று நாத்தனார் ஜாடியோடு படகுத்துறைக்கு நடந்தார். தெருவே இரண்டு பக்கமும் நின்று பார்த்தது. எனக்கு அழுகையாக வந்தது. பேர் போனதற்கு இல்லை. பார்த்துப் பார்த்து வறுத்த பூண்டு, வெயிலில் காயவைத்த ஜாதிக்காய், எல்லாம் மீனுக்கா என்று வந்த அழுகை.

மருந்து போய்விட்டது, இனி பழைய ஆளாகிவிடுவார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வாளிச் சத்தம் கேட்டது. இவர் குழாயடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "மருந்துதான் போயிருச்சேங்க" என்றேன். "எனக்கு இன்னும் வேலை செய்யுதே" என்றார். அந்த வாரமே பின்வாசல் பக்கமாக ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "அக்கா, எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் செஞ்சு தாங்கக்கா." பகலில் என்னைக் கண்டு கதவைச் சாத்தியவர்களேதான். எல்லோரையும் திட்டி அனுப்பினேன். பக்கத்து வீட்டக்காவுக்கு மட்டும் உயிரில்லாத தண்ணீர் மருந்தில் ஒரு பாட்டில் கொடுத்தேன். பலன் இருப்பதாகத்தான் சொன்னார்.

பிள்ளை பிறந்தது. ஆண். உடம்பெல்லாம் வலியோடு கண்ணை மூடிக் கிடக்கிறேன், மூக்கில் அந்த வாசனை. நாத்தனார் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜாடியின் வாயில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் ஜாடியேதான்.

"கடல்ல கொட்டினீங்களே அண்ணி."

"நல்ல சரக்கக் கொட்ட எனக்கென்ன பைத்தியமா? கொறஞ்சத ஊத்தி வச்சேன். ஆமா, பூண்ட ஏன் வறுத்துப் போட்ட? பச்சையாப் போடணும். இப்ப போட்டிருக்கேன்." அதனால்தான் அந்த நாற்றம். சண்டை போட எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "அப்பாவத் தூக்கறதுக்கு முன்ன அவன் சத்தியம் பண்ணப்ப நான் பக்கத்துல நின்னேன்" என்றார். "உன் பேரு கெட்டா நீ தாங்குவ. அவன் தாங்க மாட்டான். அதான்." என் தலையைத் தடவினார். எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே அழுகை வந்தது.

வீட்டுக்காரர் கதவிடுக்கில் தலையை நீட்டினார். மூக்கு விடைத்திருந்தது. "அக்கா, அது அந்த மருந்துதானே? எனக்கும் ஒரு கரண்டி குடேன். தொண்டை ஒரு மாதிரியா இருக்கு."

"இது பிள்ளை பெத்தவளுக்கு" என்றார் நாத்தனார், ஜாடித் துணியை இழுத்துக் கட்டியபடி. "நீயும் ஒண்ணு பெத்துட்டு வா, தரேன்."

அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாளியை எடுத்துக்கொண்டு போனார். சற்று நேரத்தில் குழாயடியிலிருந்து பக்கத்து வீட்டக்காவின் குரல் கேட்டது.

"கடல்லயே கொட்டியாச்சு. இந்தத் தம்பிக்கு மயக்கம் இன்னும் இறங்கலியே."